விளம்பர வாசகத்துக்குச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறையில் சிறு தொழில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் கைத்தறி, தயிர், கருவாடு, கஜு, தையல், தங்குமிடம் என்று சிறு அளவில் தொழில் நடத்துவோருக்குத் துண்டுப்பிரசுரமும் பதாகை வாசகமும் எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதக் கேட்டு வருபவர்கள் முதலில் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். ஏறத்தாழ எல்லாரும் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லிவரும் விடைகளையும் கீழே தருகிறேன்.

வாங்கத் தூண்டும் சொற்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதா?

ஆங்கிலத்தில் அப்படிப் பல பட்டியல்கள் இருக்கின்றன. "புதிய", "இலவசம்", "உத்தரவாதம்", "இரகசியம்", "வியப்பூட்டும்" போன்ற சொற்களை அவை அடுக்குகின்றன. அவற்றைத் தமிழாக்கி அப்படியே பதாகையில் ஏற்றுபவர்களை நான் தடுத்துவிடுவேன். "எங்கள் மிளகாய்த் தூளின் இரகசியம்" என்று எழுதினால், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்ற ஐயம்தான் நம் ஊர்க் குடும்பத் தலைவிக்கு எழும். வேறொரு மொழியில் ஆவலைத் தூண்டும் சொல், நம் மொழியில் ஐயத்தைத் தூண்டக்கூடும்.

பட்டியலுக்குப் பதிலாக நான் கேட்பது ஒரு கிழமை நேரத்தையும் ஒரு கொப்பியையும்தான். கடையில் அமர்ந்து, வருபவர்கள் எதைக் கேட்கிறார்கள், எந்த இடத்தில் தயங்குகிறார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் என்ன சொல்லிப் பொருளை எடுத்துக்கொள்கிறார்கள் என்பவற்றை அவர்கள் வாயில் வந்த சொல் மாறாமல் எழுதி வைக்க வேண்டும். தயிர் விற்பவர் ஒருவர் இப்படி எழுதி வந்த கொப்பியில் "தரம்" என்ற சொல் ஓரிடத்திலும் இருக்கவில்லை. "எருமையா, பசுவா?", "எப்போது உறைய வைத்தது?", "புளித்துவிட்டதா?", "கட்டியாக இருக்குமா?" என்பவைதான் இருந்தன. கடைசிப் பக்கத்தில், வாங்கிப் பழகிய ஒருவர் புதிதாக வந்தவரிடம் சொன்ன ஒரு வரி இருந்தது: "சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது." அதைவிட நல்ல வாசகத்தை என்னால் எழுத முடிந்திராது. அதையே பதாகையில் பெரிதாக எழுதி, கொப்பியில் இருந்த மற்றக் கேள்விகளுக்கான விடைகளை அதன் கீழே சிறிய எழுத்தில் வைத்தோம்.

"தரமான", "சிறந்த", "நம்பிக்கையான" என்று எழுதுவதில் என்ன குறை?

இச்சொற்களில் பொய் இல்லை. ஆனால் பொருளும் மிகக் குறைவு. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு முறை நடந்து பார்த்தால் ஏறத்தாழ ஒவ்வொரு பலகையிலும் இவை இருப்பதைக் காணலாம். எல்லாக் கடைக்கும் பொருந்தும் சொல் எந்தக் கடையையும் அடையாளம் காட்டாது. "சகல விதமான தையல் வேலைகளும் குறித்த நேரத்தில் செய்து கொடுக்கப்படும்" என்ற வரியை நம் கண் பார்க்கிறது, மனம் வாசிப்பதில்லை. அதே தையல் நிலையம் "பாடசாலைச் சீருடைக்குத் திங்கட்கிழமை அளவு கொடுத்தால் வெள்ளிக்கிழமை எடுத்துச் செல்லலாம்" என்று எழுதினால், வாசிக்கும் தாய்க்குத் தன் வீட்டு நாட்காட்டி நினைவுக்கு வரும்.

ஒரு சோதனை சொல்கிறேன். எழுதிய வரியில் உங்கள் கடைப் பெயரை எடுத்துவிட்டு எதிர்க்கடையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். வரி அப்போதும் சரியாக இருக்குமானால் அது உங்களுக்குரிய வரி ஆகாது.

விளம்பர உலகில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. டேவிட் ஓகில்வி என்ற விளம்பர எழுத்தாளர் 1958 இல் ரோல்ஸ் ரோய்ஸ் மோட்டார் வாகனத்துக்கு எழுதிய தலைப்பு, "மிக அமைதியான வாகனம்" என்று சொல்லவில்லை. மணிக்கு 60 மைல் வேகத்திலும் உள்ளே கேட்கும் மிகப் பெரிய சத்தம் அதன் மின்கடிகாரத்தின் சத்தமே என்று சொன்னது. அமைதி என்ற சொல் அதில் இல்லை, ஆனால் வாசிப்பவரின் காது அந்த அமைதியைக் கேட்டுவிடுகிறது. பாசிக்குடாவில் அறை வாடகைக்கு விடுபவரிடம் "கண்கொள்ளாக் காட்சி" என்பதை நீக்கச் சொல்லிவிட்டு, "கடல் அமைதியான மாதங்களில், இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் நடக்கலாம்" என்று எழுதச் சொன்னேன். பாசிக்குடாவை மற்றக் கரைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த ஆழமின்மைதான். பிள்ளையோடு வருபவர் தேடுவதும் அதைத்தான்.

காரணம் சொல்ல வேண்டுமா? விளம்பரம் நீண்டுவிடாதா?

கட்டாயம் சொல்ல வேண்டும். எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது, வாங்குபவர் எடுக்கும் முடிவு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. எலன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1978 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. போட்டோப் பிரதி இயந்திரத்தில் பிரதி எடுக்கப் போகிறவரிடம் சென்று, ஐந்து பக்கங்களை முதலில் எடுக்க விடுமாறு கேட்டார்கள். காரணம் சொல்லாமல் கேட்டபோது நூற்றுக்கு 60 பேர் இடம் விட்டார்கள். அவசரம் என்ற உண்மையான காரணத்தைச் சொன்னபோது 94 பேர் விட்டார்கள். "பிரதி எடுக்க வேண்டியிருப்பதால்" என்ற, ஒரு காரணமே ஆகாத காரணத்தைச் சொன்னபோதும் 93 பேர் விட்டார்கள். ஆனால் ஐந்து பக்கங்களுக்குப் பதிலாக இருபது பக்கங்கள் என்று கேட்டபோது நிலைமை மாறியது: காரணம் சொல்லாதபோதும் பொருளற்ற காரணம் சொன்னபோதும் 24 பேர்தான் இசைந்தார்கள், உண்மைக் காரணத்துக்கு மட்டுமே அது 42 ஆக உயர்ந்தது.

இந்த ஆய்வைப் பலர் அதன் முதற்பாதியோடு நிறுத்திவிட்டு, எதையாவது காரணமாகச் சொன்னால் போதும் என்று கற்பிக்கிறார்கள். நமக்கு வேண்டியது இரண்டாம் பாதி. ஒரு பொட்டலம் கச்சானுக்கு "சுடச்சுட வறுத்தது" என்பதே போதும். மருதமுனைக் கைத்தறிச் சாறி ஒன்றுக்கு, விசைத்தறிச் சாறியைவிட அதிகம் கேட்பவர், ஏன் அதிகம் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்: பாவு (நெடுக்கு நூல்) ஓட்டுவது முதல் ஊடை (குறுக்கு நூல்) எறிவது வரை ஒருவரின் கையும் காலும் சேர்ந்து செய்யும் வேலை அது என்பதையும், அதை நெய்து முடிக்க எத்தனை நாள் எடுத்தது என்பதையும், நூல் பருத்தியா கலப்பா என்பதையும், சாயம் போகுமா போகாதா என்பதையும் சொன்னால், விலை வாசிப்பவரின் மனத்தில் தானாகவே நியாயமாகிவிடும்.

தமிழில் காரணத்தைச் சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. "ஏனென்றால்" என்று தொடங்கும் வாக்கியம் எழுத்தில் கனமாக விழுகிறது. நம் மொழியில் காரணம் முன்னே வந்து பயன் பின்னே வருவதே இயல்பு. "எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் தயிர் கட்டியாக உறைகிறது, மண்சட்டி தண்ணீரை இழுத்துக்கொள்வதால் இன்னும் இறுகுகிறது" என்ற வரியில் "ஆல்" என்ற ஒரு சிறு உருபே வேலையைச் செய்துவிடுகிறது. பசுப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு, எருமைப்பாலில் 7 அல்லது 8 பங்கு என்பதால் இந்தக் காரணம் உண்மையுமாகும்.

ஒரே உண்மையை வேறு சொல்லில் சொன்னால் வித்தியாசம் வருமா?

வரும். மாட்டிறைச்சியை வைத்து லெவின், கேத் என்ற இரு ஆய்வாளர்கள் 1988 இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். ஒரே அரைத்த இறைச்சியைச் சிலருக்கு "75 வீதம் கொழுப்பற்றது" என்றும், வேறு சிலருக்கு "25 வீதம் கொழுப்புள்ளது" என்றும் அறிமுகப்படுத்தினார்கள். முதலாவது பெயரைக் கேட்டவர்கள் அதை மேலானதாக மதிப்பிட்டார்கள். ஆனால் இறைச்சியைச் சுவைத்த பிறகு அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். சொல் ஒருவரைக் கடைப்படி ஏற்றும். இரண்டாம் முறை ஏற்றுவது பொருளின் வேலை. சம்மாந்துறை அரிசியை விற்பவர் "கல்லில்லை" என்று எழுதலாம், "கழுவிய உடனே உலையில் போடலாம்" என்றும் எழுதலாம். இரண்டாவது வரி சமைப்பவரின் பக்கத்தில் நின்று பேசுவதால் நான் அதையே எடுப்பேன். எதை எழுதினாலும் மூட்டைக்குள் கல் இருக்கக் கூடாது.

இந்தியாவில் எழுதிய தமிழ் வாசகத்தை இங்கே பயன்படுத்தலாமா?

பெரிய நிறுவனங்களின் பொருட்களோடு வரும் வாசகங்களைப் பார்த்துப் பலர் அவ்வாறே எழுதுகிறார்கள். தொலைக்காட்சி வழியாக அந்தச் சொற்கள் எல்லாருக்கும் விளங்கும் என்பது உண்மை. ஆனால் விளங்குவது வேறு, தன் வீட்டுச் சொல்லாக உணர்வது வேறு. நாம் கச்சான் வாங்குகிறோம், வேர்க்கடலை வாங்குவதில்லை. கதிரையில் அமர்கிறோம், சவர்க்காரத்தால் கழுவுகிறோம், பாண் சாப்பிடுகிறோம், கழிவு கேட்கிறோம். "தள்ளுபடி" என்றால் வழக்கு நினைவுக்கு வரும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "விலைக்கழிவு" என்று எழுதினால் எவருக்கும் மயக்கமில்லை.

சில இடங்களில் இது வெறும் பழக்கத்தோடு நிற்காமல் பொருளையே மாற்றிவிடும். இனிப்புச் செய்பவர் ஒருவர் தன் பெட்டியில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அச்சிட்டிருந்தார். அவர் சொல்ல நினைத்தது வெள்ளைச் சீனியை. நம்மிடம் சர்க்கரை என்பது வெல்லம், சீனி வேறு. சர்க்கரைதான் சேர்க்கவில்லை, சீனி சேர்த்திருப்பார் போலும் என்று வாசித்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். "புடவை" என்றால் இந்திய வாசகர் சேலையை நினைப்பார். நம் புடவைக்கடையில் எல்லாத் துணியும் இருக்கும்.

மறுபுறம், தூய தமிழ் என்று கருதி எழுதும் பெயர்ப்பலகைச் சொற்களும் வாங்குபவரை எட்டாமல் போகலாம். "வெதுப்பகம்" என்று பலகையில் இருக்கட்டும், அது அழகான சொல். ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியில் "பேக்கரி" என்று எழுதுங்கள், ஏனெனில் தேடுபவர் அந்தச் சொல்லாலேயே தேடுவார்.

தமிழரும் முஸ்லிம்களும் வாசிக்கும் விளம்பரத்தில் எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியை எங்கள் இரு மாவட்டங்களைத் தவிர வேறெங்கும் இவ்வளவு அடிக்கடி கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். காத்தான்குடியும் ஆரையம்பதியும், கல்முனையும் பாண்டிருப்பும், நிந்தவூரும் காரைதீவும் அடுத்தடுத்த ஊர்கள். இரு சமூகத்தாரும் பேசுவது தமிழ். வீட்டுக்குள் புழங்கும் சொற்களில் மட்டும் வேறுபாடு உண்டு. "அம்மாவின் கைப்பக்குவம்" என்று எழுதினால், உம்மா என்று அழைத்து வளர்ந்தவர் அதை வாசிப்பார், தன்னை அழைத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார். "உம்மாவின் கைப்பக்குவம்" என்றாலும் மறுபுறத்தில் அதே நிலைதான். நான் இரண்டையும் விட்டுவிட்டு "வீட்டுக் கைப்பக்குவம்" என்று எழுதுவது வழக்கம்.

தவிர்ப்பதே எப்போதும் நல்ல வழி என்றும் கொள்ள வேண்டாம். யாருக்கு எழுதுகிறோம் என்பது தெளிவாக இருக்கும்போது அவர்கள் சொல்லையே துணிந்து எடுக்க வேண்டும். நோன்புக் காலத்தில் காத்தான்குடியில் விநியோகிக்கும் துண்டில் "பெருநாள் உடுப்பு" என்றும், மார்கழியில் நகரத்துத் தேவாலயங்களின் பக்கம் கொடுக்கும் துண்டில் "நத்தார் உடுப்பு" என்றும், தை பிறக்குமுன் களுவாஞ்சிகுடியில் கொடுப்பதில் "பொங்கலுக்குப் புது உடுப்பு" என்றும் எழுதினால், ஒரே கடையின் ஒரே துணி மூன்று வீடுகளுக்கும் தன் வீட்டுப் பொருளாகப் போய்ச் சேரும். மூன்றையும் ஒரே பதாகையில் "பண்டிகைக் கால விசேட விற்பனை" என்று சுருக்கினால் அச்சுச் செலவு குறையும், நெருக்கமும் குறையும்.

மட்டக்களப்புப் பேச்சுத் தமிழில் எழுதலாமா?

ஓரளவு எழுதலாம். "மறுகா வாங்குவோம் என்று விட்டுவிடாதீர்கள்" என்ற வரியில் "பிறகு" என்று பொருள்படும் "மறுகா" என்ற ஒரு சொல்லே ஊரைக் காட்டிவிடும். "ஒள்ளுப்பம் (கொஞ்சம்) ருசி பாருங்கள்" என்பதும் அப்படியே. முழு வாசகத்தையும் பேச்சு வழக்கில் எழுதினால் வாசிப்பது கடினமாகும். மருந்து, கடன், காணி போன்றவற்றுக்கு அது பொறுப்பின்மையாகவும் தோன்றும். உண்ணும் பொருளுக்கு ஒரு சொல், அதுவும் தலைப்பில் என்பதே என் அளவு.

"மலிவு" என்று எழுதினால் அதிகம் பேர் வருவார்களா?

எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது. இதை நான் பிழைவிட்டுத்தான் கற்றேன். ஆரம்ப நாட்களில் ஒரு புடவைக்கடைக்கு "மலிவு விலையில் கூறைச் சாறிகள்" என்று எழுதிக் கொடுத்தேன். விலை உண்மையிலேயே குறைவாக இருந்தது, ஆயினும் துண்டைக் கையில் வைத்திருந்த தாய்மார் அந்தக் கடைக்குள் வரவில்லை. ஒருவர் கடைக்காரரிடம் நேரிலேயே சொன்னார்: "மகளின் கலியாணத்துக்கு மலிவுச் சாறி எடுத்ததாக நாளைக்கு நாலு பேர் சொல்ல மாட்டார்களா?" வாங்குபவர் சேமிக்க விரும்பினார், சேமித்ததாகப் பிறர் சொல்வதை விரும்பவில்லை. அந்த வரியை "கூறைச் சாறியோடு தோழிக்கும் எடுக்கக் கட்டுப்படியாகும் விலை" என்று மாற்றினோம். குறைவான விலை என்ற அதே செய்தி, இப்போது குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கும் வடிவில் இருந்தது.

அப்பியாசக் கொப்பி, வாளி, தும்புத்தடி போன்றவற்றுக்கு "மலிவு" என்ற சொல்லைத் தயங்காமல் போடலாம். விலையையும் அருகில் எழுதுங்கள். விலை இல்லாத "மலிவு" வெறும் ஓசை.

"நாங்கள்" என்பதா, "நாம்" என்பதா, "நீங்கள்" என்பதா?

தமிழுக்கு இருக்கும் ஒரு வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை. "நாங்கள்" கேட்பவரை வெளியே நிறுத்துகிறது, "நாம்" அவரையும் உள்ளே சேர்க்கிறது. "எங்கள் ஊர்ச் சாரம்" என்று மருதமுனை நெசவாளர் கொழும்பில் உள்ளவருக்கு எழுதுவது சரி. கல்முனையில் உள்ளவருக்கு எழுதும்போது "நம் ஊர்ச் சாரம்" என்பதே பொருத்தம். வாசகம் முழுவதும் "நாங்கள் 20 வருடங்களாக, எங்கள் அனுபவம், எம்மிடம்" என்று போய்க்கொண்டிருந்தால், வாசிப்பவருக்கு அதில் இடமில்லை. கடையைப் பற்றிய வரிகளைக் குறைத்து, "உங்கள்" என்று தொடங்கும் வரிகளைக் கூட்டுங்கள்.

வினைச்சொல்லிலும் இதே கவனம் வேண்டும். "வாங்குங்கள்" என்பது மரியாதை விகுதி இருந்தும் கட்டளைதான். "வாங்கிப் பாருங்கள்" என்றதும் அதன் கூர்மை மழுங்கி, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்ற சுதந்திரம் சேர்ந்துகொள்கிறது. "பார்" என்ற துணைவினை நம் மொழி வியாபாரிக்குத் தந்த கொடை என்றே சொல்வேன். விலை அதிகமான பொருளுக்கு "தொட்டுப் பாருங்கள்", "உடுத்திப் பாருங்கள்" என்று அதற்குரிய வினையைப் போட்டால் இன்னும் நல்லது.

"இன்று மட்டும்", "கையிருப்பு முடியும் வரை" என்று அவசரப்படுத்தலாமா?

உண்மையாக இருந்தால் மட்டும். "மூன்று நாட்களுக்கு மாத்திரம்" என்ற பதாகை ஒரு மாதம் வெயிலில் நிறம் மங்கித் தொங்குவதை நான் கண்டிருக்கிறேன். சிறிய ஊரில் அதே ஆட்கள் அதே வீதியால் தினமும் போகிறார்கள், அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். பொய்யான அவசரம் தேவையும் இல்லை, ஏனெனில் நம் பொருட்களுக்குக் காலத்தின் எல்லை இயற்கையாகவே இருக்கிறது. வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் கருவாடு காய்வது கடினமாகும். பெரும்போக அறுவடை முடிந்த பிறகே புது நெல் அரிசி கிடைக்கும். அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கு விளையாட வருபவர்கள் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரைதான் அதிகம். "மழைக்கு முன் காய்ந்த கடைசிக் கருவாடு" என்று உண்மையோடு எழுத முடிந்தவருக்கு "முந்துங்கள்" என்ற சொல் எதற்கு?

குறுஞ்செய்தி அனுப்பும்போது சொல் தெரிவு மாறுமா?

மாறும், இங்கே எண்ணிக்கை முக்கியம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் இடம் உண்டு, தமிழில் 70 தான். அதைத் தாண்டினால் செய்தி 67 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் விழும். மேலும் நாம் ஓரெழுத்து என்று எண்ணுவதைக் கணினி இரண்டாக எண்ணுகிறது: புள்ளியும் கொம்பும் விசிறியும் தனிக் குறிகள். "தயிர்" நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. "மட்டக்களப்பு" நமக்கு எட்டு, கணினிக்குப் பன்னிரண்டு. ஆகவே குறுஞ்செய்தியில் "பெற்றுக்கொள்ளலாம்" என்பதை விட்டு "கிடைக்கும்" என்று எழுதுங்கள். வணக்கமும் வாழ்த்தும் வேண்டாம். பொருள், விலை, இடம், நாள் ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

சட்டம் எதையாவது தடுக்கிறதா?

தடுக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரை ஏமாற்றும் அல்லது ஏமாற்றக்கூடிய நடத்தையை வியாபாரிகளுக்குத் தடைசெய்கிறது. 31 ஆம் பிரிவு பொருளின் தரம், வகை முதலியவை பற்றிய பொய்க் கூற்றுகளைத் தடைசெய்கிறது. உணவுப் பொருளுக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் உண்டு. "சீனி வருத்தத்தைக் குணமாக்கும்" என்று தேன் போத்தலிலோ குரக்கன் மாப் பொதியிலோ எழுதித் தரும்படி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். சட்டத்துக்கு அப்பால், அந்த வரியை நம்பி ஒருவர் தன் மாத்திரையை நிறுத்திவிட்டால் அதற்கு எழுதியவரும் பொறுப்பு. குரக்கன் மாவுக்குச் சொல்ல உண்மைகள் ஏராளம்: எந்தச் சேனையில் விளைந்தது, எப்போது அரைத்தது, வறுத்ததா வறுக்காததா என்று எழுதலாம்.

எழுதியது நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் உரக்க வாசியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பிறகு, உங்கள் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் விடயம்தான் உங்கள் வாசகம் உண்மையில் சொன்னது.

இயலுமானால் இரண்டு வாசகங்களைச் சம எண்ணிக்கையில் அச்சிடுங்கள். ஒன்றை வெள்ளைத் தாளிலும் மற்றதை மஞ்சள் தாளிலும் அடித்து, துண்டைக் கொண்டுவருபவருக்கு ஒரு சிறு கழிவு தருவதாக இரண்டிலும் ஒரே விதமாக எழுதுங்கள். இரு நிறத்தையும் கலந்து ஒரே வீதிகளில், ஒரே நாளில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் சொல்லால் வந்ததா இடத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. திரும்பி வரும் தாள்களை மேசை இழுப்பறையில் சேர்த்து, இரண்டு கிழமை கழித்து எண்ணிப் பாருங்கள். தாளோடு வருபவர்களிடம் எந்த வரி அவர்களை வரவழைத்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அந்தக் கொப்பியிலேயே அடுத்த பக்கத்தில் எழுதி வையுங்கள்.